ஆரோக்கியப்பச்சை: காணிகளின் பழமும் எங்கள் அலுப்பும்

யான்பு தொழிற்சாலைகளில் இரவு முறை வேலை முடித்து வருபவர்கள் எங்களிடம் அதிகம் சொல்லும் முறைப்பாடு, "டொக்டர், உடம்பு ஒரே அலுப்பு" என்பதுதான். கூடவே இன்னொரு கேள்வியும் வரும்: "ஊரிலிருந்து ஏதாவது மூலிகை எடுப்பிக்கலாமா?" அப்படி அலுப்புக்கென்றே பெயர் வாங்கிய மலைமூலிகை ஒன்று உண்டு. அதன் பெயர் ஆரோக்கியப்பச்சை.

1987இல் தாவரவியலாளர் புஷ்பாங்கதன் தலைமையில் ஓர் ஆய்வுக்குழு கேரளப் பக்கத்து அகத்தியமலைக் காட்டில் ஏறியது. விஞ்ஞானிகள் களைத்து உட்கார்ந்தார்கள். வழிகாட்டிகளாக வந்த காணிப் பழங்குடி இளைஞர்களோ ஏதோ சிறு பழங்களை மென்றுகொண்டு சளைக்காமல் நடந்தார்கள். குழுவினரும் வாங்கித் தின்று பார்த்தார்கள், களைப்பு விட்டது. என்ன செடி என்று கேட்டபோது அவர்கள் உடனே சொல்லவில்லை. அது குலத்துக்குள் காக்கப்பட்ட இரகசியம். வெகுவாகக் கேட்டபின்பே மல்லன் காணி, குட்டிமாத்தன் காணி முதலானோர் செடியைக் காட்டினார்கள்.

மரநிழலில் வளரும் சிறு செடி அது. வள்ளிக்கிழங்குக் குடும்பத்தைச் சேர்ந்தது. தாவரவியற் பெயர் திரைக்கோபஸ் சீலானிக்கஸ். அந்தச் 'சீலான்' எங்கள் இலங்கைதான். அங்கும் இச்செடி உண்டு.

பழத்தைக் காணிகள் தின்றாலும் ஆய்வாளர்கள் இலையிலும் பயன் கண்டார்கள். சாறு கொடுக்கப்பட்ட எலிகள் மற்றவற்றைவிட அதிக நேரம் நீந்தின. திருவனந்தபுரத்துக்கு அருகே பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா, இந்த இலையோடு அமுக்கிரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. காட்டுச்செடி அழியாமலிருக்கத் திசு வளர்ப்பு முறையில் நாற்றுகளும் உண்டாக்கினார்கள். 2019இல் அதன் மரபணுத் தொகுதியின் வரைவே வெளியாகிவிட்டது. ஏறக்குறைய 71 கோடி எழுத்துகள் கொண்டது.

எங்களுக்குப் பிடித்த பகுதி பணக்கணக்குதான். 1995இல் ஜீவனியைத் தயாரிக்கும் உரிமை கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு ஏழு ஆண்டுகளுக்குக் கொடுக்கப்பட்டது. கட்டணம் 10 இலட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் பங்கு. இதில் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. அதற்காக 1997இல் ஓர் அறக்கட்டளையும் பதிவானது. பழங்குடியினரின் அறிவுக்கு விலை கொடுத்த முன்னோடி ஏற்பாடு என்று உலகம் பாராட்டியது. ஆனால் இலை பறிக்க வனத்துறை இலேசில் இடம்கொடுக்கவில்லை. எங்களைக் கேட்காமல் எப்படிச் சொன்னீர்கள் என்று காணிகளுக்குள்ளேயே மனத்தாங்கலும் வந்தது. மலையின் தமிழ்நாட்டுப் பக்கத்திலும் காணிகள் வாழ்கிறார்கள். அறக்கட்டளையோ கேரளக் காணிகளுக்கானது.

சரி, நாம் வாங்கிக் குடிக்கலாமா? நாங்களும் அகதிகளாக ஊரைவிட்டு வந்தவர்கள். முகாமில் காய்ச்சலுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடித்தே நாட்களைக் கழித்தோம். ஆகவே மூலிகையைப் பழிக்கும் எண்ணம் எமக்கில்லை. ஆனால் எலி நீந்தியது வேறு, நாற்பது பாகை வெயிலில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் மனிதனின் அலுப்பு வேறு. அந்த அலுப்புக்குள் நீரிழிவு ஒளிந்திருக்கலாம்; இரத்தசோகை, தைரொயிட் குறைவு, உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுதல், மனச்சோர்வு எதுவும் இருக்கலாம். மூலிகை குடித்து ஆறுமாதம் தள்ளிப்போட்டால் நோய்தான் முற்றும்.

இத்தகைய கலவைகளில் சேரும் அமுக்கிராவும் எல்லோருக்கும் ஒத்துவராது. கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். தைரொயிட், நீரிழிவு மாத்திரை எடுப்பவர்களுக்கு அளவு குழம்பலாம். சிலருக்கு ஈரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது.

இரண்டு மூன்று வாரமாகியும் அலுப்பு விடவில்லையென்றால் முதலில் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். வரும்போது நீங்கள் குடிக்கும் போத்தலையும் கையோடு கொண்டு வாருங்கள். மறைக்க வேண்டாம், நாங்கள் ஏசமாட்டோம்.