தேயிலைக் கொழுந்தும் கமராவின் கண்ணும்

தேயிலைத் தளிரைக் கெடுக்கும் கொப்புள நோய் 1946ஆம் ஆண்டு இலங்கையில் தோன்றிற்று. பதுளை, பசறை, அப்புத்தளைத் தோட்டங்களின் பிள்ளைகள் கொழுந்தோடு வளர்பவரேனும், அந்நோயின் சிறு புள்ளியை நுணுகி நோக்குதல் எளிதன்று. உருப்பெருக்கி ஒன்றேயாயின் ஒருவர் நோக்க ஏனையோர் காத்திருப்பர். கமராவை மடிக்கணினியோடு இணைப்பின் வகுப்பு முழுதும் ஒருங்கே காணலாம்.

வில்லை வழிப் புகும் ஒளி, கமராவினுள் இருக்கும் உணரியில் வீழ்ந்து மின்குறியாகின்றது. ஆடியுள்ள கமராவில் ஆடி மேலெழுந்தாலன்றி ஒளி உணரியை அடையாது. ஆதலின் நேரடிக் காட்சி நிலையை முதலில் தெரிதல் வேண்டும். இணைக்கும் வழி இரண்டு. யூஎஸ்பி வடத்தால் இணைத்து, கமரா நிறுவனத்தின் மென்பொருளை இயக்குதல் ஒன்று. கெனன், நிகோன், சோனி ஆகிய நிறுவனங்கள் 2020இல், பெருந்தொற்றுக் காலத்தில், தம் கமராக்கள் பலவற்றுக்கு இத்தகைய மென்பொருளை வெளியிட்டன. எச்டிஎம்ஐ வடத்தைக் ‘கப்ச்சர் கார்ட்’ எனும் இடைக்கருவி வழியாகக் கணினியிற் சேர்த்தல் மற்றையது. மென்பொருளை நிறுவியபின், வகுப்பிற் காட்டுதற்கு இணையம் வேண்டுவதில்லை. தொடர்பு குன்றிய தோட்டப் பள்ளிகட்கு இது பெரும்பேறு.

அண்மைப் பொருளைக் காட்டும் வில்லையைப் பொருத்தி, கமராவைத் தாங்கியில் நிறுத்தி, ஒளியைப் பக்கத்தினின்று வீழ்த்துக. புள்ளியின் மேற்புறம் குழிந்தும், அடிப்புறம் புடைத்து வெண்மை பூத்தும் இருத்தல் திரையில் விளங்கும். பெற்றோர் பறிக்கும் கொழுந்தே பிள்ளைகட்குப் பாடநூலாதல் இங்ஙனமாம்.