இறுகிய விசை: தேய்த்தால் தீருமா?

பயிரை அழிக்கும் பன்றி நம் நாட்டுக்கு மட்டும் உரிய தொல்லை அல்ல. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் சோளமும் நிலக்கடலையும் போடும் விவசாயிகளும் அதே தொல்லையால் தவிக்கிறார்கள். அங்கே சட்டம் வேறு. தனியார் நிலத்தில், நிலச் சொந்தக்காரரின் அனுமதியோடு பன்றியைச் சுடுவதற்கு 2019 முதல் வேட்டை உரிமம்கூடத் தேவையில்லை. அதனால் பல பண்ணை வீடுகளில் விலை குறைந்த வேட்டை ரைபிள் ஒன்றும் பண்ணைக் கருவிகளோடு கருவியாக இருக்கிறது.

அந்த மலிவு ரைபிள்களில் ஒரு குறை நெடுங்காலம் இருந்து வந்தது. குழல் நன்றாக இருக்கும், குறியும் நேராக இருக்கும், ஆனால் விசை மட்டும் இறுகிக் கிடக்கும். அதை இலகுவாக்க விவசாயிகள் என்ன செய்தார்கள், எது சரியாக வந்தது, எது ஆபத்தில் முடிந்தது என்பது, இயந்திரத்தைக் கையாளும் எவரும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

விரல் நுனியில் மூன்று கிலோ

விசையை இழுக்கத் தேவைப்படும் பலத்தை அங்கே ஸ்பிரிங் தராசு வைத்து பவுண்டுக் கணக்கில் அளக்கிறார்கள். ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். வேட்டைக்குப் போகிறவர்கள் பொதுவாக விரும்புவது இரண்டரை முதல் 4 பவுண்டு வரை. மலிவு ரைபிள்களிலோ விசை 6 பவுண்டு, 7 பவுண்டு என்று இருந்தது. ரைபிளின் எடையே ஏறக்குறைய 7 பவுண்டுதான், அதாவது 3 கிலோவுக்குச் சற்று மேல். மூன்று லிட்டர் தண்ணீரை ஒரு விரலால் தூக்குவது போன்ற பலத்தை, ரைபிள் அசையாமல் கொடுக்க வேண்டும்.

அசைந்தால் என்ன ஆகும்? தோளிலிருந்து ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் குழல் முனை ஒரு மில்லிமீட்டர் விலகினால், 100 மீட்டரில் தோட்டா 10 சென்டிமீட்டர் விலகிப் போகும். நெஞ்சில் பட வேண்டியது வயிற்றில் படும். விலங்கு உடனே சாகாமல் புதருக்குள் ஓடி, வேதனைப்பட்டு மடியும். காயம்பட்ட பன்றி ஆளையே தாக்கவும் செய்யும். ஆகவே விசையின் இறுக்கம் வெறும் வசதிக் குறைவு அல்ல.

வேண்டுமென்றே வைத்த இறுக்கம்

ரைபிளுக்குள் பலமான ஸ்பிரிங் ஒன்று ஊசியை முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த ஊசியைப் பிடித்து நிறுத்துவது சியர் என்னும் சிறு கொக்கி. சியரைத் தாங்கி நிற்பது விசையின் விளிம்பு. விசையை இழுத்தால் விளிம்பு விலகும், சியர் இறங்கும், ஊசி பாய்ந்து தோட்டா வெடிக்கும். விளிம்பும் சியரும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் அளவு மிகச் சிறியது. உயிருக்கான பாதுகாப்பு அந்தச் சிறு அளவில்தான் இருக்கிறது.

அந்த அளவைக் கூட்டி, விசைக்குப் பின்னால் கடினமான ஸ்பிரிங்கையும் வைத்துவிட்டால், துப்பாக்கி கைதவறிக் கீழே விழுந்தாலும் வெடிக்காது. அமெரிக்கத் துப்பாக்கித் தயாரிப்பாளர்கள் தங்களுக்குள் வகுத்துக்கொண்ட தரச் சோதனையில், 4 அடி உயரத்திலிருந்து போடும் சோதனையும் ஒன்று. இன்னொரு காரணம் செலவு. ஒவ்வொரு பாகத்தையும் நுணுக்கமாகக் கடைந்தால் விலை ஏறும். அளவில் சற்று முன்பின் இருக்கும் பாகங்களைக் கொண்டு பாதுகாப்பாகச் செய்ய, இறுக்கமாக வைப்பதே எளிய வழி.

மூன்றாவது காரணம் நீதிமன்றம். அந்த நாட்டின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்குத் துப்பாக்கிகள் மேல் அதிகாரம் கிடையாது. அதனால் விபத்து நடந்தால் பாதிக்கப்பட்டவர்கள் கம்பெனி மேல் வழக்குப் போட்டார்கள். 1962இல் வந்த ரெமிங்டன் 700 ரைபிள், விசை நயமாக இருக்கிறது என்று பெயர் பெற்றது. விசையைத் தொடாமலேயே அது வெடித்ததாகப் பல ஆண்டுகள் வழக்குகள் நடந்தன. குறை இல்லை என்றே கம்பெனி வாதாடியது. பின்னர் கொண்டுவந்த புதிய விசையிலும், பாகங்களைப் பொருத்தும்போது ஒட்டுப் பொருள் அதிகமாகிவிட்டதால் தானாக வெடிக்க வாய்ப்பு உண்டு என்று சொல்லி, 2014இல் அந்த ரைபிள்களைத் திரும்பப் பெற்றுச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. இப்படிப்பட்ட வழக்குகளைப் பார்த்த தயாரிப்பாளர்கள், விசை இறுக்கமாக இருந்தால் வாடிக்கையாளர் முணுமுணுப்பார், இலகுவாக இருந்தால் வழக்கு வரும் என்று கணக்குப் போட்டதில் வியப்பில்லை.

அரம் எடுத்தால் வரும் வினை

வாங்கியவர்களில் சிலர் தாங்களே சரிசெய்யப் பார்த்தார்கள். ஸ்பிரிங்கைச் சிறிது வெட்டினார்கள், அல்லது சியரை அரத்தால் தேய்த்தார்கள். விசை இலகுவாகிவிடும், உண்மைதான். ஆனால் பல பாகங்களில் கடினமாக்கப்பட்ட எஃகு மேல் பரப்பில் மெல்லிய தோல் போலத்தான் இருக்கிறது. அதைத் தேய்த்தால் அடியிலுள்ள மெத்தென்ற இரும்பு வெளியே வரும். சில நூறு முறை சுட்டதும் விளிம்பு மழுங்கிவிடும். தேய்க்கும்போது கோணம் இம்மியளவு மாறினாலும் பிடிப்புப் போய்விடும். அதன்பின் போல்ட்டை வேகமாகச் சாத்தினாலோ, வண்டியிலிருந்து இறங்கும்போது தட்டிக்கொண்டாலோ வெடிக்கலாம். வேலை முடிந்த அன்று எல்லாம் சரியாகத்தான் தெரியும். தேய்மானம் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும்.

நடுவே ஒரு தகடு

சாவேஜ் என்னும் பழைய கம்பெனி மலிவு ரைபிள்களுக்குப் பெயர் போனது. 2000களின் தொடக்கத்தில் அது வேறு வழியில் யோசித்தது. விசையின் நடுவே மெல்லிய தகடு ஒன்றை வைத்தது. விரல் சரியாக அந்தத் தகட்டின் மேல் பட்டு அதை அழுத்தினால்தான் சியர் முழுவதும் இறங்கும். துப்பாக்கி விழுந்தோ அடிபட்டோ சியர் நழுவினால், தகடு அதைப் பாதியிலேயே பிடித்துக்கொள்ளும். தோட்டா வெடிக்காது. போல்ட்டைத் தூக்கி மறுபடி ஏற்றினால்தான் சுட முடியும்.

பாதுகாப்பைத் தகடு ஏற்றுக்கொண்டதால், இறுக்கத்துக்கு அவசியம் இல்லாமல் போயிற்று. வேட்டை மாடல்களில் ஒன்றரை பவுண்டு முதல் 6 பவுண்டு வரை, உரிமையாளரே சிறு கருவியால் திருகி வைத்துக்கொள்ளலாம். பிறகு மற்றவர்களும் இந்த வழிக்கு வந்தார்கள். ரூகர் கம்பெனி 2012 வாக்கில் 449 டாலர் விலையில் கொண்டுவந்த ரைபிளிலும் 3 முதல் 5 பவுண்டு வரை மாற்றக்கூடிய விசையும் இதே போன்ற தகடும் இருந்தன.

பழைய ரைபிள் வைத்திருப்பவர்கள், அந்த மாடலுக்கென்றே செய்த முழு விசைத் தொகுப்பை வாங்கித் தேர்ந்த துப்பாக்கிப் பணியாளரிடம் பொருத்திக்கொள்கிறார்கள். பொருத்தியபின், தோட்டா இல்லை என்பதை இருமுறை பார்த்துவிட்டு, போல்ட்டை ஓங்கிச் சாத்தியும், பூட்டைப் போட்டு எடுத்தும், ரப்பர் சுத்தியலால் தட்டியும் ஊசி நழுவுகிறதா என்று சோதிக்கிறார்கள். ஒருமுறை நழுவினாலும் அந்த ரைபிளை வயலுக்கு எடுத்துப் போவதில்லை.

நம் கையில் இருக்கும் விசை

இதே ஏற்பாடு நம் விவசாயிகளின் கையிலும் இருக்கிறது. களை வெட்டும் பிரஷ் கட்டரின் கைப்பிடியில் ஒரு பூட்டு நெம்பு உண்டு. அதை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தால்தான் ஆக்சிலேட்டர் விசை அசையும். கை வலிக்கிறது என்று அந்த நெம்பைக் கம்பியாலோ சைக்கிள் டியூப்பாலோ கட்டிவிட்டால், துப்பாக்கியின் சியரைத் தேய்ப்பதும் இதுவும் ஒன்றுதான். கால் இடறி விழும்போது பிளேடு முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்.

இயந்திரத்தில் ஒன்று தொந்தரவாக இருந்தால், அது எந்த ஆபத்தைத் தடுக்க வைத்தது என்று முதலில் கேட்க வேண்டும். அந்த ஆபத்தைத் தடுக்க வேறு வழி செய்த பிறகே அதில் கை வைக்கலாம்.

வாசகர் கேள்வி

கேள்வி: பயிர்ப் பாதுகாப்புக்காக உரிமம் பெற்ற பழைய துப்பாக்கி வீட்டில் இருக்கிறது. விசை மிகக் கடினம். ஊர்க் கொல்லரிடம் கொடுத்துச் சரிசெய்யலாமா?

பதில்: கூடாது. துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கும் மாற்றி அமைப்பதற்கும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி தனி உரிமம் வேண்டும். அப்படி உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுது நிலையத்தில் மட்டுமே கொடுங்கள். விசை முன்பு சாதாரணமாக இருந்து இப்போது இறுகியிருந்தால், துருவும் காய்ந்துபோன எண்ணெயும் காரணமாக இருக்கலாம். சுத்தம் செய்தாலே சரியாகிவிடக்கூடும். துப்பாக்கிக்கு உரிமம் இருப்பதாலேயே விலங்கைச் சுட்டுவிட முடியாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உரிய அதிகாரியின் எழுத்து மூலமான அனுமதி தேவை. முதலில் வனச்சரக அலுவலகத்தை அணுகுங்கள்.