கிறிஸ்துமஸுக்கு முன் சென்னையில் ஒரு நாள்

வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்பவர் இருக்கும் வீட்டில், சிகிச்சை நாள், அதற்கு மறுநாள் என இரண்டே வகை நாட்கள்தாம் உண்டு. எங்கள் தந்தையாருக்குத் திங்கள், புதன், வெள்ளி. கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை ஒன்றில் குடும்பத்தோடு சென்னைக்குச் சென்று இரவே திரும்பலாம் என்ற பேச்சு எழுந்ததும், நாங்கள் முதலில் கேட்டது மருத்துவரின் கருத்தைத்தான். மறுநாள் என்பதால் உடல் தாங்கும். ஆயினும் அடுத்த சிகிச்சை திங்களன்றுதான் என்பதால் குடிநீரில் வழக்கத்தினும் கூடுதல் கட்டுப்பாடு வேண்டும் என்று சொல்லி அவர் இசைந்தார்.

ஆசைகள் பல. அண்ணனின் பிள்ளைகள் பாரிமுனைக் கடைகளில் காகித நட்சத்திரம் வாங்க விரும்பினர். அம்மாவுக்குச் சாந்தோம் ஆலயம். எழும்பூர் அருங்காட்சியகத்தைச் சேர்த்தார் அண்ணி. அப்பாவிடம் எவரும் கேட்கவில்லை. கடைசியில் அவரே, "எனக்குக் கடல் போதும்" என்றார். பட்டியல் அத்துடன் சுருங்கிற்று: கடல், சாந்தோம், இரண்டே இடம். நெரிசலில் அவருடைய இடக்கை ஃபிஸ்டுலாவில் யாரேனும் மோதக்கூடும் என்பதால் பாரிமுனையை விட்டோம். நட்சத்திரத்தை எங்கள் ஊர்க் கடையிலேயே வாங்கலாம் என்றபோது பிள்ளைகள் முகத்தைத் தூக்கிக்கொண்டது உண்மை.

கடைசி டயாலிசிஸ் குறிப்பு, மருந்துப் பட்டியல், சிகிச்சைப் பிரிவின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரு உறையில் இட்டு அண்ணன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அப்பாவுக்கு அன்றைக்கு அனுமதித்த அளவில் பெரும்பங்கை ஒரு சிறு புட்டியில் நிரப்பி, அதை அவரிடமே கொடுத்தோம். பிறர் அளந்து கொடுப்பதைக் காட்டிலும் அவரே காத்துக்கொள்வது அவருக்கு மதிப்பாக இருந்தது. (இந்த அளவு ஆளுக்கு ஆள் மாறும், உங்களுக்கு உரியதை உங்கள் மருத்துவரே சொல்லவேண்டும்.)

காட்பாடியிலிருந்து சென்ட்ரலுக்கு ஏறத்தாழ 130 கிலோமீட்டர். ரயிலில் அவர் கண்ணயர்ந்தபோது இடக்கையின் மேல் சாய்ந்துவிடாதபடி அம்மா ஒரு தலையணையை அண்டைக் கொடுத்தார். அந்தக் கையில் பை தொங்கவிடுவதோ, இரத்த அழுத்தம் பார்ப்பதோ, இறுக்கமாகக் கடிகாரம் கட்டுவதோ கூடாதென்பதை எங்கள் வீட்டுச் சிறுவர்களும் அறிவார்கள்.

மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, மாற்றுத்திறனாளிகளுக்கென 2022-இல் திறக்கப்பட்ட மரப்பாதை ஒன்று மணலைக் கடந்து கடலை நோக்கிச் செல்கிறது. கையோடு கொண்டுசென்ற மடக்கு நாற்காலியில் அப்பாவை அமர்த்தித் தள்ளிச் சென்றோம். பாதை முடிந்த இடத்தில் எழுந்து நிற்கவேண்டும் என்றார். அம்மா வேண்டாமென்றார். அண்ணன் வலப்பக்கம் தாங்கிக்கொள்ள, நின்றார். அலையைப் பார்த்தபடி நெடுநேரம் எதுவும் பேசவில்லை.

திரும்பும்போது அந்த இல்லத்தின் பழங்கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். 1842-இல் அது கட்டப்பட்டது, அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க. அதனாலேயே ஐஸ் ஹவுஸ் என்ற பெயர். 1897-இல் விவேகானந்தர் அங்கே தங்கினார். அப்பாவுக்குப் பிடித்தது பனிக்கட்டிக் கதைதான். தாகம் தாளாதபோது அவருக்கு நாங்கள் தருவது ஒரு சிறு பனிக்கட்டித் துண்டு. அதுவும் நீர்க் கணக்கில் சேரும். "அத்தனை பனிக்கட்டியும் எனக்கென்று அனுப்பினார்கள் போல" என்று சிரித்தார்.

சாந்தோம் அங்கிருந்து அருகில்தான். திருத்தூதர் தோமாவின் கல்லறை எனப் போற்றப்படும் இடத்தின்மேல், 1896-இல் கட்டி முடிக்கப்பட்ட வெண்ணிறக் கோபுரம். கல்லறைச் சிற்றாலயம் நிலத்தடியில் உள்ளது, படியிறங்க வேண்டும். அப்பாவோடு நான் வெளியே நிழலில் இருந்துகொள்வதென்றும், அம்மா தனியே செல்வதென்றும் முன்பே பேசி வைத்திருந்தோம். மூன்று ஆண்டுகளாகக் காய்கறியை ஊறவைத்து, வடித்து, உப்பை எடைபோட்டுச் சமைப்பவர் அவர். இருபது நிமிடத்தில் வருவதாகச் சொன்னவர் ஒரு மணி நேரம் கழித்தே வந்தார். உள்ளே பாதி நேரம் தூங்கிவிட்டாராம். எழுப்ப யாருமில்லை என்பதை வியப்போடு சொன்னார். எனக்கு அந்த நாளின் மிக நல்ல செய்தி அதுதான்.

பிளம் கேக் இல்லாத கிறிஸ்துமஸ் பயணம் உண்டா? உலர்ந்த திராட்சையும் பிற உலர்பழங்களும் பொட்டாசியம் மிகுந்தவை. சிறுநீரகம் வெளியேற்ற இயலாத பொட்டாசியம் இதயத்துடிப்பையே குலைக்கக்கூடும். இளநீருக்கும் இதே தடை. உணவியல் நிபுணரிடம் முன்பே கேட்டு, பழம் சேராத வெறும் கேக்கில் ஒரு சிறு துண்டை அப்பாவுக்கென எடுத்து வைத்திருந்தோம். பிள்ளைகள் தங்கள் பங்கை மறைத்து உண்ண முயன்றதைக் கண்டு, "எதிரிலேயே சாப்பிடுங்கள், மணமாவது வரட்டும்" என்றார்.

ரயிலேறும்போது புட்டியில் இரண்டு வாய் நீர் மிச்சமிருந்தது. திங்களன்று சிகிச்சைக்கு முன் எடைப்பொறியில் ஏறி நின்றார். செவிலியர் எண்ணைக் குறித்துக்கொண்டு, வழக்கமான வாரத்தைவிடக் கூடவில்லையே, எங்கும் போகவில்லையா என்று கேட்டார். அப்பா மரப்பாதையில் தொடங்கிச் சொல்லலானார்; ஊசி ஏற்றி முடித்த பின்னும் ஐஸ் ஹவுஸ் வரைதான் வந்திருந்தார்.