அணைத்து வைத்த வானொலிக் கருவி ‘ஷாக்’ அடிப்பது ஏன்?

அமெச்சூர் வானொலி அன்பர் ஒருவர், வால்வுகள் பொருத்திய தமது ஆம்ப்ளிஃபயரை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிற்பாடு, அதனுள் கை வைத்த மாத்திரத்தில் பிராணாபத்து நேரக்கூடும் என்றால் நம்புவீர்களா?

மோட்டாரை நிறுத்திய பிறகும், மாடித் தொட்டியில் ஏறிய நீர் குழாயைத் திறந்ததும் பாய்கிறதல்லவா? அக்கருவியின் மின்தேக்கிகளும் அத்தகைய தொட்டிகளே. 2,000 அல்லது 3,000 வோல்ட் அழுத்தத்தில் அவை சேமித்த மின்சாரம் வெளியேற மார்க்கம் தேடிக் காத்திருக்க, உங்கள் விரலே அந்த மார்க்கமாகிவிடுகிறது.

அதைச் சிறிது சிறிதாக வடிப்பதற்கென்றே உள்ளே ஒரு மின்தடையம் உண்டு. ஆயினும் அது பழுதுபட்டால் வெளியே அறிகுறி ஏதும் தென்படாதாகையால், அதை மட்டும் நம்பி உயிரைப் பணயம் வைப்பது விவேகமன்று.

ஆகவே, பிளக்கைப் பிடுங்கிச் சில நிமிஷங்கள் பொறுத்து, அவ்வழுத்தத்தைத் தாங்கவல்ல மீட்டரால் சோதித்து, மின்சாரம் கடத்தாத நீண்ட கைப்பிடியின் நுனியிலுள்ள எர்த் கம்பியால் மின்தேக்கியின் முனையைத் தொட்டு, எஞ்சியதையும் வடித்துவிடுங்கள்.

இரு கைகளையும் ஒருசேர உள்ளே நுழைக்கவே கூடாது. ஒரு கையில் புகுந்து மறு கை வழியே வெளியேறும் மின்சாரம் ஹிருதயத்தின் ஊடே செல்கிறது. ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குகூட அதன் துடிப்பைக் குலைத்து மரணம் விளைவிக்கப் போதுமானது.