பந்தியில் கூட்டம் யார் மேல் பாயும்?

‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ 2004இல் வந்த ஆன்லைன் விளையாட்டு. இன்றும் அதில் புதிதாக நுழைபவர்கள், குழுவாகப் பூதங்களோடு மோதும் முதல் டஞ்சனிலேயே திணறிப்போவார்கள். டேங்க் என்று ஒருவர் முன்னால் நிற்கிறாரே, பூதம் ஏன் அவரை விட்டுவிட்டு நம் மேல் பாய்கிறது? உள்ளே ஒரு கணக்கு ஓடுகிறது. கல்யாணப் பந்தியை நினைத்துக்கொண்டால் சட்டென்று புரிந்துவிடும்.

முதலில் ஆட்கள். குழுவில் ஐந்து பேர்: ஒரு டேங்க், ஒரு ஹீலர், அடிப்பவர்கள் மூவர். டேங்க்தான் பந்திக் கதவருகே நிற்கும் பெரிய மாமா. முண்டியடிக்கும் கூட்டத்தின் கோபத்தையெல்லாம் வாங்கிக்கொள்வது அவர் வேலை. அதற்குத்தான் கனத்த கவசம். (மாமாவுக்கு அதுவும் கிடையாது, பாவம்.) அவர் சோர்ந்துபோகும்போதெல்லாம் மோர் கொண்டுவருபவர் ஹீலர். மற்ற மூவரும் வாளி தூக்கிப் பரிமாறுபவர்கள். கூட்டத்தின் பசிதான் பூதத்தின் உயிர்; பரிமாறப் பரிமாறக் குறையும்.

அடுத்து, கணக்கு. யார் எவ்வளவு தொந்தரவு கொடுத்தார்கள் என்று ஒவ்வொரு பூதமும் தனிப் பட்டியல் வைத்திருக்கும். அதன் உயிரில் ஒரு புள்ளி குறைத்தால் உங்கள் பெயரில் ஒரு புள்ளி. டேங்க் அடித்தால் மட்டும் பல மடங்காக ஏறும். பட்டியலில் முந்துபவரைத்தான் பூதம் தாக்கும். ஆனால் ஒரு புள்ளி கூடியதுமே திரும்பிவிடாது. டேங்க் பெயரில் 1,000 இருந்தால், பக்கத்தில் நிற்கும் வாள்வீரர் 1,100ஐத் தாண்ட வேண்டும். தள்ளி நின்று நெருப்பு வீசும் மந்திரவாதி 1,300ஐத் தாண்ட வேண்டும்.

சண்டை தொடங்கிய நொடியில் டேங்க் பெயரில் அவ்வளவு ஏது? ஐம்பதோ அறுபதோதான் இருக்கும். அப்போதே பெரிய நெருப்புருண்டையை எறிந்தால், மாமா கதவுக்கு வருமுன் பாயச வாளியோடு போய் நின்ற கதைதான். ஆகவே டேங்க் இரண்டு மூன்று அடி அடிக்கும்வரை பொறுங்கள். பிறகு அவர் அடிக்கும் பூதத்தையே அடியுங்கள். பட்டியல்கள் தனித்தனி என்பதால், அவர் தொடாத பூதத்திடம் அவர் பெயரில் ஏறக்குறைய ஒன்றும் இருக்காது.

ஹீலருக்கும் இதே ஆபத்துதான். குணப்படுத்தும் புள்ளிகளில் பாதி அவர் பெயரில் ஏறி, எல்லாப் பூதங்களுக்கும் பங்காகும். 400 புள்ளி குணப்படுத்தினால் 200. எதிரே நான்கு பூதங்கள் என்றால் தலைக்கு 50. யாரும் தொடாத பூதத்துக்கு இந்த 50 போதும், நேரே ஹீலரிடம் ஓடும்.

சரி, பூதம் உங்கள் மேல் திரும்பிவிட்டது. உடனே அடிப்பதை நிறுத்துங்கள். பின்னால் ஓடாதீர்கள், டேங்கை நோக்கி ஓடுங்கள். அவரிடம் ‘டான்ட்’ என்ற வித்தை உண்டு: “இங்கே வாங்கய்யா!” என்று மாமா கைதட்டிக் கூப்பிடுவது மாதிரி. பட்டியலில் முதலில் இருப்பவரின் புள்ளி அவருக்கும் வந்துவிடும். சில நொடிகள் பூதம் அவரைத்தான் அடித்தாக வேண்டும். எட்டாத தூரத்துக்கு நீங்கள் ஓடிவிட்டால் அவர் எப்படிக் கூப்பிடுவார்?

முன்பின் தெரியாதவர்களைக் குழுவாகச் சேர்த்துவிடும் வசதி 2009இல் வந்தது. டேங்குக்கு எப்போதும் தட்டுப்பாடு, அதனால் அவருக்குச் சீக்கிரம் இடம் கிடைக்கும். அந்த ஆசையில் முதல் நாளே டேங்க் ஆகாதீர்கள். வழி காட்ட வேண்டியவரும் அவர்தான். அடிப்பவராகவே தொடங்குங்கள். நுழைந்ததும் “நான் புதுசு” என்று சாட்டில் தட்டிவிடுங்கள். நல்ல டேங்க் கொஞ்சம் நிதானமாகப் போவார். சிடுசிடுக்கும் மாமாக்களும் உண்டு.