வலி குறைந்தது தைலத்தாலா?

"எனக்குக் கேட்டுச்சே தம்பி, அப்புறம் எதுக்குப் பாதிப் பேருக்கு வெறும் எண்ணெயக் குடுத்துச் சோதிக்கணும்?" என்றார் டீக்கடையில் ஓர் அண்ணன். ஆரணியில் குழித்தறி நெய்பவர். இடுப்புவலிக்கு ஒரு தைலத்தைப் புகழ்ந்துகொண்டிருந்தார்.

தைலம் எப்போது வாங்கினீர்கள் அண்ணே? மிதி மிதித்து இடுப்பு விட்டுப்போய், இனி தாங்காது என்றானபோதுதானே? உச்சத்துக்குப் போன வலி தானாகவும் இறங்கும். சேலை அறுத்தபின் இரண்டு நாள் தறிக்குழியில் இறங்காமலும் இருந்திருப்பீர்கள். அண்ணி தேய்த்துவிட்ட இதம், கேட்கும் என்ற நம்பிக்கை இரண்டும் சேர்ந்திருக்கும். அத்தனையும் தைலத்தின் கணக்கில் வரவாகிவிட்டது.

அதனால்தான் குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு அதே நிறம், அதே வாசனையில் வெற்றுத் தைலம். ஓய்வும் நம்பிக்கையும் இரு பக்கமும் ஒன்றுபோல இருக்கும். மிஞ்சும் வித்தியாசம்தான் மருந்துடையது. கொடுப்பவருக்கும் எது அசல் என்று தெரியக் கூடாது, முகமே காட்டிக்கொடுத்துவிடும்.

எதை அளக்கிறோம் என்பதும் முக்கியம். 2011இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆஸ்துமா நோயாளிகளுக்கு அசல் இன்ஹேலரும் வெற்று இன்ஹேலரும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே பதில். கருவியில் ஊதச் சொன்னால் அசலுக்கு மூச்சின் அளவு சுமார் 20 சதவீதம் கூடியது, வெற்றுக்கு 7. ஒன்றுமே கொடுக்காதபோதும் அதே 7தான்!

நம் பக்கத்திலேயே பெரிய உதாரணம் உண்டு. 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து, இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசியைச் சோதிக்கத் தொடங்கியது. ஒரு பகுதியினருக்கு வெற்று ஊசி. பி.சி.ஜி. கையில் தழும்பு விட்டுக் காட்டிக்கொடுக்கும் ஊசி. ஆனால் இங்கே தேடியது சளியில் காசநோய்க் கிருமியை. தழும்பைப் பார்த்துக் கிருமி மனம் மாறாது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை ஊசி தடுக்கவில்லை என்று 1979இல் தெரிந்தது. வெற்று ஊசிக் கூட்டம் இல்லாவிட்டால், நோய் வராத லட்சக்கணக்கானோரையும் ஊசியே காப்பாற்றியதாகத்தான் எழுதியிருப்பார்கள். (குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான காசநோயைப் பி.சி.ஜி. தடுக்கிறது. பிறந்த பிள்ளைக்குப் போடத் தவறாதீர்கள்.)

உங்களை ஆய்வில் சேரச் சொன்னால், வெற்று மருந்து கிடைக்க வாய்ப்புண்டா, அப்போது வழக்கமான சிகிச்சை தொடருமா என்று கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். பதில் சொல்வது அவர்கள் கடமை.