வீட்டு வாசலுக்கு வரும் பேருந்து

ஒரு குடும்பத்திற்கு இன்றியமையாதவை யாவை என்று கேட்டால், உண்ண உணவு, உடுக்க உடை, இருக்க இடம் என்று நாம் தயங்காது விடை கூறுவோம். இவற்றோடு நான்காவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதைச் சென்னை மாநகரின் எளிய மக்களுடைய வாழ்க்கை நமக்குக் கற்பிக்கின்றது. அதுதான் போக்குவரத்து வசதி.

2000-ஆம் ஆண்டு முதல், நகரின் நீர்நிலைக் கரைகளில் குடிசையிட்டு வாழ்ந்த பல்லாயிரம் குடும்பங்கள், பழைய மாமல்லபுரம் சாலையை அடுத்த கண்ணகி நகரில் குடியேற்றப்பட்டன. பின்னர் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் இத்தகைய குடியிருப்புகள் எழுந்தன. மழைக்கு அஞ்சாத கூரை கிடைத்தது; அது சிறிய நன்மையன்று. ஆனால் பிழைப்போ ஏறத்தாழ 20 கிலோமீட்டருக்கு அப்பால், பழைய இடத்திலேயே நின்றுவிட்டது.

இதனால் விளைந்த இடர் யாது? முன்பு நடந்து சென்று இரண்டு மூன்று வீடுகளில் வேலை செய்த தாய், பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்பும் முன்னர் வீடு வந்து சேர்ந்தாள். இப்போது இருள் பிரியுமுன் புறப்பட்டு, கூட்டத்தில் நெருக்குண்டு செல்ல வேண்டியதாயிற்று. பேருந்துக் கட்டணம் கூலியின் ஒரு பகுதியை விழுங்கியது. பலர் வேலையை இழந்தனர். பிள்ளைகள் சிலர் படிப்பையே நிறுத்தினர். வீடு கிடைத்தும் வாழ்வு தளர்ந்தது!

இந்நிலையில், 2021-ஆம் ஆண்டு மே மாதம் தமிழக அரசு, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம் என அறிவித்தது. இதனால் ஒரு பெண் மாதந்தோறும் சராசரியாக 888 ரூபாய் மிச்சப்படுத்துகின்றார் என மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு கூறிற்று. வறிய இல்லத்தில் இத்தொகை பாலாகவும் மருந்தாகவும் பாடநூலாகவும் மாறும். அதைவிடப் பெரிய நன்மை வேறொன்று உண்டு. பேருந்துக் காசுக்காகப் பிறரிடம் கைநீட்டாமல், கூடுதல் கூலி கிடைக்கும் இடத்தைத் தேடிச் செல்லும் துணிவு அவளுக்குப் பிறக்கின்றது.

எனினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. கட்டணமில்லாப் பயணச்சீட்டு, பேருந்து வரும் இடத்தில்தான் பயன்படும். பெரிய பேருந்துகள் செல்லாத சிற்றூர்களுக்காக 1997-இல் சிற்றுந்துத் திட்டம் கொண்டுவரப்பட்டதும், 2025-இல் அது புதிய வடிவில் விரிவாக்கப்பட்டதும் இக்குறையைக் களையவே. கட்டணம் குறைந்தால் மட்டும் போதாது. காலையில் வேலைக்கு உரிய நேரத்தில் பேருந்து வர வேண்டும். இரவில் கடைசிப் பேருந்து, பணி முடிந்து வருவோரை விட்டுவிட்டுப் போய்விடக் கூடாது.

நம் ஊரின் ஒதுக்குப்புறத்திலும் இத்தகைய தெருக்கள் இல்லாமற் போகுமா? அங்கிருந்து நம் இல்லத்திற்கு வேலைக்கு வரும் பெண்மணி சற்றுத் தாமதமாக வந்தால், கடிந்து கொள்ளுமுன் ஒரு கேள்வி கேட்போம்: “எத்தனை மணிக்கு அம்மா பேருந்து வந்தது?” அவள் கூறும் விடையைக் கேட்டபின், அத்தெருவினரோடு சேர்ந்து போக்குவரத்துக் கழகத்திற்கு ஒரு விண்ணப்பம் எழுதுவோம். ஏழைக்கு வீடு கொடுப்பது பாதி உதவி. அவ்வீட்டிலிருந்து உலகிற்குச் செல்லும் வழியையும் திறந்து வைப்பதே முழு உதவி.